‘எப்படிக் கண்டுபுடிச்ச கண்ணு?’ – சின்னப் பிள்ளைகளைக் கணக்குப் பேச வைப்பது

பிள்ளை சரியான விடை சொன்னால் ‘வெரி குட்’ என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறோம். தப்பாகச் சொன்னால் மட்டும் நின்று, ‘இது எப்படி வந்துச்சு?’ என்று கேட்கிறோம். கொஞ்ச நாள் இப்படியே போனால், ‘எப்படி’ என்ற சொல் காதில் விழுந்ததுமே பிள்ளையின் கை ரப்பரைத் தேடும். சரியாகப் போட்ட கணக்கையும் அழித்துவிடும். பேசத் தெரியாததல்ல இங்கே சிக்கல். கேள்வி வந்தால் விடை தப்பு என்று பிள்ளைக்குப் பழகிவிட்டது.

1974-ல் சூசன் ரோஸ், மரியன் பிளாங்க் என்ற இரு ஆய்வாளர்கள் ஆறு வயதுப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார்கள். இரண்டு வரிசையில் சம எண்ணிக்கையில் பொருள்களை வைத்து, ஒரு வரிசையின் நீளத்தை மாற்றி, ‘இப்போ ரெண்டும் சமமா?’ என்று கேட்கும் பழைய சோதனை அது. வழக்கமாக மாற்றுவதற்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை என்று அதே கேள்வியை இரண்டு தடவை கேட்பார்கள். இவர்கள் ஒரு பகுதிப் பிள்ளைகளிடம் மாற்றிய பிறகு மட்டும் ஒரே தடவை கேட்டார்கள். அந்தப் பிள்ளைகளிடமிருந்து சரியான விடை தெளிவாகக் கூடுதலாக வந்தது. பெரியவர் மறுபடி கேட்டாலே ‘முதல்ல சொன்னது தப்பு போல’ என்று பிள்ளை விடையை மாற்றிக்கொள்கிறது.

ஆகவே முதல் இரண்டு வாரம் ‘எப்படி’ என்று கேட்பதைச் சரியான விடைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு அந்தக் கேள்வி மேல் பயம் போன பிறகு, சரிக்கும் தப்புக்கும் ஒரே குரலில், ஒரே முகத்தோடு கேளுங்கள். மற்றதெல்லாம் இதற்கு மேல் கட்டுவதுதான்.

இங்கே சொல்வது 3 முதல் 8 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு. எடுத்துக்காட்டுகள் பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்துக்கு ஏற்றவை: கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம். வீட்டில் தமிழ், தெருவில் பாதி மலையாளம், எல்.கே.ஜி.யில் ‘ஒன், டூ, த்ரீ’ என்று வளரும் பிள்ளைகள். அங்கன்வாடி டீச்சருக்கும் ஒன்னாம் கிளாஸ் மாஷுக்கும் (வாத்தியாருக்கும்) வீட்டில் பிள்ளை பார்க்கும் அம்மாயிக்கும் (அம்மாவின் அம்மாவுக்கும்) முறை ஒன்றுதான்.

பேச ஏதாவது வேண்டும்

‘2+3 எத்தனை?’ என்பதில் பேச ஒன்றுமில்லை. தெரிந்தால் ஐந்து, தெரியாவிட்டால் மௌனம். ஒரே விடைக்குப் பல வழி இருக்கும் பொருள் வேண்டும். வீட்டில் அதற்கு நல்ல தொடக்கம், ஏழு குழிப் பணியாரக் கல். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. கழுவி ஆறிய கல்லாக இருக்கட்டும்.

“இதுல எத்தன குழி இருக்குது கண்ணு?”
“ஏழு.”
“ஒவ்வொன்னா எண்ணுனியா, பாத்தவுடனே தெரிஞ்சுதா?”
“சுத்தி ஆறு, நடுவுல ஒன்னு.”
“சுத்தி ஆறுன்னு எப்படித் தெரிஞ்சுது சாமி?”
“இந்தப் பக்கம் மூனு, அந்தப் பக்கம் மூனு.”

இரண்டாவது கேள்வியைக் கவனியுங்கள். நாலு வயதுப் பிள்ளைக்கு ‘எப்படி?’ என்று மட்டும் கேட்டால், ‘நாந்தான் சொன்னேன்’, ‘அம்மா சொல்லிக் குடுத்தாங்க’ என்று பதில் வரும். அது குறும்பு அல்ல, கேள்வி அகலமாக இருக்கிறது. இரண்டு வழியைச் சொல்லி எதுவென்று கேட்டால் பிடித்துக்கொள்ளும். இரண்டுமே மதிப்புள்ள வழியாக இருக்க வேண்டும். ‘எண்ணிப் பார்த்தியா, இல்ல சும்மா அடிச்சு விட்டியா?’ என்று கேட்டால் வாய் மூடிக்கொள்ளும்.

மூன்று வயதில் ‘சொல்லு’ என்பதைவிட ‘காட்டு’ என்பது வேலை செய்யும். ஐந்து, ஆறு வயதில் ‘சொல்லு’. ஏழு, எட்டில் ‘வேற வழி இருக்குதா?’, ‘அவன் சொன்னத நீ சொல்லு’ வரைக்கும் போகலாம்.

பணியாரக் கல்லில் பல பிள்ளைகள் ‘எட்டு’ என்பார்கள். வட்டத்துக்கு ஆரம்பமும் முடிவும் இல்லாததால், தொடங்கிய குழியை மறுபடி எண்ணிவிடுகிறார்கள். ‘தப்பு, ஏழு’ என்று சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்தது. ‘எந்தக் குழியில ஆரம்பிச்ச?’ என்று கேட்டு, அந்தக் குழியில் ஒரு வர மிளகாயைப் போடச் சொல்லுங்கள். மிளகாய் வந்ததும் பிள்ளையே நின்றுவிடும்.

எண்ணுவதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது

எண்ணுவது ஒற்றைத் திறமை இல்லை. ராச்செல் கெல்மன், சி. ஆர். கேலிஸ்டல் இருவரும் 1978-ல் அதை ஐந்து கொள்கைகளாகப் பிரித்துக் காட்டினார்கள். நமக்கு இங்கே மூன்று போதும்: பொருளுக்கு ஒரு எண் மட்டும் சொல்வது, எண்களை மாறாத வரிசையில் சொல்வது, கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்று அறிவது. மூன்றாவதுதான் பெரியவர்களின் கண்ணில் படாமல் போகிறது. பிள்ளை ‘ஒன்னு, ரெண்டு, மூனு, நாலு, அஞ்சு’ என்று அழகாக எண்ணி முடிக்கும். ‘அப்ப எத்தன?’ என்று கேட்டால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும். எண்ணுவது ஒரு பாட்டாக இருக்கிறது, எண்ணிக்கையாக ஆகவில்லை.

சோதிக்க எளிய வழி: கூடை நிறைய எலுமிச்சை வைத்து, ‘எனக்கு நாலு எடுத்துக் குடு அம்முணி’ என்று கேளுங்கள். கை நிறைய அள்ளிக் கொடுத்தால் அந்தப் பிள்ளையிடம் ‘எப்படி’ என்று இப்போது கேட்பதில் பயனில்லை. எடுத்துக் கொடுப்பது, பங்கிடுவது, ஆளுக்கொரு தட்டு வைப்பது ஆகியவற்றைச் செய்யவிட்டு, செய்வதை நீங்கள் வாயால் சொல்லுங்கள்: ‘அப்பாருக்கு ஒன்னு, ஆத்தாளுக்கு ஒன்னு, இன்னும் யாருக்கு வைக்கல?’

கோலப் புள்ளியில் ஒரு வகுப்பு

ஆறு வயதுக்கு மேல் இதைவிட நல்ல கருவி தேட வேண்டாம். ஐந்து புள்ளி, மூன்று முடிய ஊடுபுள்ளி. நடுவரிசையில் 5 புள்ளி வையுங்கள். அதற்கு மேலே இரண்டு புள்ளிக்கு இடையில் ஒன்றாக 4, அதற்கு மேலே 3. கீழேயும் அப்படியே 4, 3. மொத்தம் 19. கோடு இழுக்காதீர்கள், இழுத்தால் பிள்ளையின் கண் கோட்டோடு போய்விடும்.

நான்கு முதல் ஆறு பிள்ளைகள் போதும். ‘விரல் வைக்காம, கண்ணால பாத்து எத்தனன்னு யோசிங்க’ என்று சொல்லுங்கள். தெரிந்தவர்கள் கை தூக்க வேண்டாம், கட்டை விரலை நெஞ்சில் வைத்தால் போதும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு கை ‘டீச்சர், டீச்சர்’ என்று மேலே போனதும் மற்றவர்களின் யோசனை அறுந்துவிடும். முதல் வழி கிடைத்தவர்கள் இன்னொரு வழி தேடி, கிடைத்தால் இரண்டாவது விரலையும் வைக்கலாம். வேகமான பிள்ளைக்கும் வேலை ஆயிற்று.

பிறகு விடைகளை மட்டும் முதலில் கேட்டு, 18, 19, 20 என்று வந்ததையெல்லாம் பலகையில் எழுதுங்கள். எதற்கும் முகம் மாறக் கூடாது. அதற்குப் பிறகுதான் வழிகள். பெரும்பாலும் இவை வரும்:

மேலிருந்து கீழே: 3, 4, 5, 4, 3 என்று வரிசை வரிசையாகக் கூட்டுவது.

“நாலும் நாலும் எட்டுங்க டீச்சர், மூனும் மூனும் ஆறு, நடுவுல அஞ்சு.” மேலும் கீழும் ஒன்றுபோல இருப்பதைப் பிள்ளை பார்த்துவிட்டது.

“அஞ்சுல ஒன்ன எடுத்து மேல மூனுக்குக் குடுத்துட்டா எல்லாமே நாலு, கீழ மட்டும் மூனு.” ஐந்து நாலு இருபது, ஒன்று குறை. இது எப்போதாவதுதான் வரும். வரும்போது அவசரப்படாமல் அந்தப் புள்ளியை எங்கிருந்து எங்கே நகர்த்தியது என்று கையால் காட்டச் சொல்லுங்கள்.

“நடுவுல ஒன்னு, சுத்தி ஆறு, அதுக்கும் வெளிய பன்னெண்டு.” பணியாரக் கல்லைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு இது கண்ணில் படும்: கோலத்தின் நடுவில் அந்த ஏழு குழி அப்படியே இருக்கிறது. யாரும் சொல்லாவிட்டால் நீங்கள் சொல்ல வேண்டாம். அடுத்த நாள் கல்லைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தால் போதும்.

18 அல்லது 20 சொன்ன பிள்ளை மற்றவர்களின் வழிகளைக் கேட்கும்போதே பெரும்பாலும் திருத்திக்கொள்ளும். ‘நான் மாத்திக்கிறேனுங்க’ என்று சொன்னால் மாற்ற விடுங்கள். ஏன் மாற்றியது என்று மட்டும் கேளுங்கள்.

பிள்ளை சொன்னதைப் பலகையில் எழுதும்போது ஒரு தவறு எளிதாக நுழைகிறது. 4+4=8+6=14+5=19 என்று பேச்சு போகிற போக்கில் நீட்டி எழுதிவிடுகிறோம். நாலும் நாலும் சேர்ந்தால் 8+6-க்குச் சமம் இல்லை. இப்படிப் பார்த்த பிள்ளைகளுக்குச் சமக்குறி என்பது ‘இதோ விடை’ என்ற மணியாகிவிடும்; பின்னால் 8 = 3 + ▢ என்று பார்த்தால் திகைக்கும். தனித்தனி வரியில் எழுதுங்கள்: 4+4=8, 3+3=6, 8+6=14, 14+5=19. பக்கத்தில் அந்தப் புள்ளிகளை வட்டமிட்டுக் காட்டுங்கள்.

காத்திருப்பது, திருப்பிச் சொல்வது

மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு அளந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்குக் காத்தது சராசரியாக ஒரு விநாடி அளவுதான். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, பதிலே வராத நேரங்கள் குறைந்தன. பிள்ளை பேசி முடித்த பிறகும் அதே மூன்று விநாடி வேண்டும். பலருக்கு இரண்டாவது வாக்கியம் அப்போதுதான் வரும். மூன்று விநாடி என்பது கேட்கச் சின்னது, வகுப்பில் நிற்கும்போது பெரிது. மனதுக்குள் மெதுவாக ஐந்து வரை எண்ணுங்கள்.

பிள்ளை சொன்னதைத் திருப்பிச் சொல்லும்போது அதன் சொல்லிலேயே சொல்லுங்கள். ‘மூனும் மூனும் ஆறு’ என்றதை ‘அதாவது மூன்றின் இருமடங்கு’ என்று மாற்றினால், தன் யோசனையை டீச்சர் எடுத்துக்கொண்டார் என்று பிள்ளை விட்டுவிடும். முதலில் அதன் சொல், பிறகு தேவையானால் பாடச் சொல், கடைசியில் ‘நான் சொன்னது சரியா?’

‘அவ சொன்னது எல்லாருக்கும் புரிஞ்சுதா?’ என்ற கேள்வியை விட்டுவிடலாம். ‘புரிஞ்சுதுங்க டீச்சர்’ என்று ஒரே ராகத்தில் வரும். அதற்குப் பதில், ‘அவ சொன்ன நாலு எந்த நாலு? நீ வந்து தொட்டுக் காட்டு’ என்று கேளுங்கள். காது கொடுக்காதிருந்தவர்கள் அடுத்த முறை காது கொடுப்பார்கள்.

புளியங்கொட்டை

கோலத்துக்கு இடமில்லாத வீட்டில் ஐந்து புளியங்கொட்டை போதும். ஒவ்வொன்றையும் ஒரு பக்கம் மட்டும் சிமெண்டுத் தரையில் வெள்ளை தெரியும்வரை தேய்க்க வேண்டும். (தேய்த்த கொட்டை சூடாகும். அதைப் பக்கத்துப் பிள்ளை கையில் வைத்துப் பார்க்காமல் இந்த வேலை முடிந்ததாகச் சரித்திரம் இல்லை.) நாலு வயதுக்குக் கீழே கொட்டை வேண்டாம், வாய்க்கும் மூக்குக்கும் போய்விடும், ஒரு பக்கம் வண்ணத் தாள் ஒட்டிய பெரிய டப்பா மூடிகள் போதும்.

ஐந்தையும் குலுக்கிப் போடுங்கள். வெள்ளையாக விழுந்ததை மட்டும் காட்டி, கறுப்பைச் சிரட்டையால் மூடுங்கள். ‘வெள்ள மூனு. சிரட்டைக்குள்ள எத்தன?’ சொன்ன பிறகு, திறப்பதற்கு முன், ‘பாக்காமயே எப்படிச் சொன்ன?’

பதில்தான் பிள்ளை நிற்கும் இடத்தைக் காட்டும். ‘தெரியல, தொறங்க’ என்றால் மொத்தம் ஐந்து என்பது மனதில் நிற்கவில்லை. மூன்று கொட்டைக்கு இறங்குங்கள். ‘நாலு, அஞ்சு… ரெண்டு’ என்றால் மேலே எண்ணிச் சேர்க்கிறது. ஒரு கையை விரித்து மூன்று விரலை மடக்கிக் காட்டினால் ஐந்தைப் பிரிக்கத் தெரிகிறது. ‘முன்னாடி போட்டப்பவும் மூனும் ரெண்டுந்தானே’ என்றால் ஏழு கொட்டைக்கும், பிறகு பத்துக்கும் போகலாம். ஐந்தும் கறுப்பாக விழுந்தால் அதையும் விடாதீர்கள்: ‘வெள்ள எத்தன?’ ‘ஒன்னுமில்ல.’ ‘அத எழுதணும்னா எப்படி எழுதுவ?’ பூஜ்யம் பேச்சுக்கு வர இது நல்ல இடம்.

எந்த மொழியில் பேசுவது

பிள்ளைக்கு எதில் வருகிறதோ அதில். ‘டென்ல த்ரீ போனா செவன்’ என்று சொன்னால் யோசனையைக் கேளுங்கள், மொழியைப் பிறகு பார்க்கலாம். யோசித்துக்கொண்டிருக்கும் வாயைத் தமிழுக்குத் திருப்பினால் யோசனை நின்றுவிடும்.

ஆனால் ஓரிடத்தில் வீட்டு மொழி நேராக உதவும். இங்கிலீஷ் மீடியம் பிள்ளை ‘ஃபோர்டீன்’ என்று கேட்டு 41 என்று எழுதுவது மிகச் சாதாரணம்; அந்தச் சொல்லில் நாலு முதலில் வருகிறது. பதினாலில் பத்து முதலில் வருகிறது. மலையாளத்திலும் தெலுங்கிலும் அப்படியே. ‘தமிழ்ல சொல்லு’ என்று கேட்டு, ஒரு பத்துக் கட்டும் நாலு குச்சியும் எடுக்கச் சொன்னால் எழுத்து நேராகும்.

தமிழ் தடுக்கும் இடங்களும் உண்டு. 29-க்கு அடுத்து ‘இருபத்திப் பத்து’ என்று பிள்ளை சொன்னால், அது விதியைப் புரிந்துகொண்டதன் அடையாளம்; இருபதையும் பத்தையும் கட்டாக வைத்து ‘இத வேற எப்படிச் சொல்லலாம்?’ என்று கேளுங்கள். 89-க்குப் பிறகு வரும் தொண்ணூறில் நூறு ஒலிக்கிறது, தொள்ளாயிரத்தில் ஆயிரம் ஒலிக்கிறது. மலையாளத்திலும் இதே சொற்கள்தான் என்பதால் அங்கே போயும் தப்ப முடியாது. ஒன்பது பத்துக் கட்டை வைத்து இரண்டு பெயரையும், ‘ஒன்பது பத்து, தொண்ணூறு’ என்று, சேர்த்தே சில வாரம் சொல்லுங்கள். ஆந்திர எல்லையில் நகரி, குப்பம் பக்கம் தெலுங்கும் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு அங்கே தொள்ளாயிரம் ‘தொம்மிதி வந்தலு’, அதாவது நேராக ஒன்பது நூறு. அந்தப் பிள்ளையிடம் தெலுங்கில் கேட்டுவிட்டுத் தமிழுக்கு வரலாம்.

கூட்டுவதற்குத் தமிழ், மலையாளம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே சொல். கால், அரை, முக்காலும் அப்படித்தான். பெருக்குவது மலையாளத்தில் ‘குணிக்குக’, வகுப்பது ‘ஹரிக்குக’. கலந்த வகுப்பில் இரண்டையும் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

எங்கே கெடுகிறது

8+7 போடும்போது ‘எட்ட மனசுல வச்சுக்கிட்டு ஏழு விரல நீட்டுனேன்’ என்று பிள்ளை சொன்னால் அது விளக்கம்போல் கேட்கும். பல நேரம் அது மனப்பாடம். ‘ஏன் எட்ட மனசுல வச்ச? ஏழ வச்சா என்ன?’ என்று ஒரு படி உள்ளே போங்கள். 8+7-க்கு 14 வந்தால் விரலைப் பார்த்துக்கொண்டே மறுபடி செய்யச் சொல்லுங்கள். முதல் விரலை நீட்டும்போதே ‘எட்டு’ என்று தொடங்கியிருக்கும். ஏழு விரல் முடியும்போது 14. நெஞ்சில் கை வைத்து ‘எட்டு’, பிறகு முதல் விரலுக்கு ‘ஒம்பது’ என்று பழக்கினால் தீரும்.

விரலை வைத்து எண்ணக் கூடாது என்று தடுக்காதீர்கள். தடுத்தால் மேசைக்கு அடியில் எண்ணும், நீங்கள் பார்க்க முடியாமல் போகும். அம்மாயி கட்டை விரலால் விரல் கணுக்களைத் தொட்டு ஒரு கையில் பன்னிரண்டு எண்ணுவார். அதையும் கேட்டு வரச் சொல்லலாம்.

பேசாத பிள்ளையிடம் கேள்வியைக் கூட்டினால் இன்னும் சுருங்கும். நீங்கள் வேண்டுமென்றே தப்பாக ஊகியுங்கள்: ‘நீ ரெண்டு ரெண்டா எண்ணுன, அப்படித்தானே?’ ‘இல்ல, மூனு மூனா’ என்று வரும். விளக்கத் தயங்கும் பிள்ளைகூடத் திருத்தத் தயங்காது.

ஒரு நாளைக்கு ஒரு பொருள், ஐந்து முதல் ஏழு நிமிடம். வாரம் மூன்று நாள் போதும். பிள்ளை சொன்னதைத் தேதி போட்டு, அதன் வாய்ச்சொல்லிலேயே ஒரு நோட்டில் ஒரு வரி எழுதி வையுங்கள். சரி, தப்பு என்ற குறிப்பு அதில் வேண்டாம்.

19 பழகியதும் ஏழு புள்ளி, நாலு முடிய ஊடுபுள்ளிக்குப் போகலாம். இந்த முறை விடையை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்: ‘இதுல 37 புள்ளி இருக்குது. 37-ன்னு எத்தன வழியில காட்டலாம்?’ விடை தெரிந்த கணக்கில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை என்பதால், இதுவரை வாய் திறக்காதவர்களும் இதில் ஒரு வழியைக் காட்ட முன்வருவார்கள்.